உத்திரட்டாதியின் மேல்தோல்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே கொஞ்ச காலம் ஒரு பதாகை இருந்தது. அதில் ஒரு மனிதர் கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சிரித்தபடி நின்றார். தலைக்குப் பின்னால் நட்சத்திரங்கள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் அவர் தலையைவிடப் பெரிதாக ஒரு சாம்பல் நிறக் கோலிக்குண்டு. கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘உத்திரட்டாதி நட்சத்திரத்தில் பாதரசம்! விஞ்ஞானி முனைவர் பகலவன் அவர்களே ஆராய்ந்து சொன்ன உண்மை! வெள்ளிமலை ரசமணி அணிவீர், உயர்வீர்!’ அந்தக் கோட்டு அவருடையது அல்ல, எங்கள் கல்லூரி முதல்வருடையது. தோள் பக்கம் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தாலே இரவல் என்று தெரிந்துவிடும்.

நான் அந்தப் பகலவனோடு ஒரே கல்லூரியில் வேலை பார்க்கிறவள். என் பெயர் தமிழ்மொழி. எடுக்கிற பாடமும் அதுதான். ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் கட்டிய தனியார் கல்லூரி அது. அறைப் பஞ்சத்தில் இயற்பியலையும் தமிழையும் ஒரே அறையில் போட்டு, நடுவில் ஒரு பீரோவை நிறுத்தியிருந்தார்கள். பீரோவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவருடைய வாழ்க்கையை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இருந்ததில்லை. கேட்காமலே சொல்கிற ஆள்.

மணலூர்பேட்டைப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அப்பாவுக்குத் தமிழ்ப் பெயர் மேல் பற்று. மகனுக்குச் சூரியன் பெயரை வைத்தார். மகனோ சூரியன் இறங்கினால் மட்டும் தெரிகிற சங்கதியைப் படிக்கச் சென்னைக்குப் போனார். விடுமுறைக்கு வந்தபோது அப்பா கேட்டாராம்.

“இன்னாடா படிக்கிற?”

“நட்சத்திரம்ப்பா.”

“ஜோசியமா?”

“இல்லப்பா.”

“அப்பறம் இன்னாத்துக்குடா?”

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். அம்மா ராஜாம்பாள் அவ்வளவு யோசிக்கிறவர் இல்லை. “எம்புள்ள நட்சத்திரம் பாக்குறான்” என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். மறுநாளே பெண்கள் ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் தடவை பகலவன் கத்தி அனுப்பினார். அடுத்த தடவை சிரித்து அனுப்பினார். அதற்கடுத்த தடவை ஒரு ஜாதகத்தைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். இதை அவரே என்னிடம் வேடிக்கைக் கதையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டால் முதுகெலும்பு கரைந்துவிடுகிற ஜாதி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வாங்கிய முனைவர் பட்டம் போலி அல்ல. அந்த ஒரு விஷயம் அவருக்கு நிஜமாகவே தெரியும். வானத்தில் விசித்திரமான சில நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சூரியனில் இருப்பதைப்போல் பல்லாயிரம் மடங்கு பாதரசம் இருப்பதாகத் தெரியும். பாதரசம் கனமான பொருள், நியாயப்படி அடியில் போய்த் தங்க வேண்டும். மேலே எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. இவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அந்த நட்சத்திரங்கள் சாதுவானவை. வேகமாகச் சுழல்வதில்லை, மேற்பகுதி கொதித்துப் புரள்வதில்லை. உள்ளேயிருந்து ஒளி வெளியே வந்துகொண்டே இருக்கிறது. எந்த அணு அந்த ஒளியை அதிகம் வாங்கிக்கொள்கிறதோ, அதை ஒளி மேலே தள்ளுகிறது. பாதரசம் வாங்கிக்கொள்கிறது, ஏறுகிறது. ஹீலியம் அவ்வளவு வாங்குவதில்லை, இறங்கிவிடுகிறது. தள்ளுகிற ஒளியும் இழுக்கிற கனமும் சமமாகிற உயரத்தில் பாதரசம் போய் மெல்லிசாகப் படிந்து நிற்கிறது. கலக்க ஆள் இல்லாததால் அப்படியே நிற்கிறது. காய்ச்சின பாலைத் தொடாமல் வைத்தால் ஆடை கட்டுவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். நமக்குத் தெரிவது அந்த மேல்தோல் மட்டும்தான். முழு நட்சத்திரத்தையும் கணக்கில் எடுத்தால் பாதரசம் கூடுதலாக ஒன்றும் இல்லை. எல்லா நட்சத்திரத்திலும் உள்ளதுதான் அதிலும் உள்ளது. இருக்கிறதெல்லாம் மேலே வந்து நின்றுகொண்டு பகட்டுகிறது.

அப்படிப்பட்டவற்றில் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற நட்சத்திரம் எது தெரியுமா? உத்திரட்டாதி என்று நாம் சொல்கிற இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று. பகலவன் ஆராய்ந்ததும் அதைத்தான்.

பட்டம் வாங்கியவர் வெளிநாட்டுக்கோ பெரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கோ போயிருக்கலாம். அம்மா தனியாக இருக்கிறார், கரும்பு கிடக்கிறது என்று சாக்குச் சொல்லி எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருக்கு வேலை என்ன? முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஊசலைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டச் சொல்வது. கோடை வந்தால் ஊர் ஊராகப் போய், ‘எங்க காலேஜ்ல பஸ் வசதி இருக்குது’ என்று பெற்றோர்களைப் பிடிப்பது. அதை எல்லோரும்தான் செய்கிறோம். ஆனால் மற்றவர்களுக்கு அது பிழைப்பு, அவருக்கு அவமானம். அந்த அவமானத்தை ஈடுகட்ட எங்கே மாலை விழும், எங்கே பொன்னாடை கிடைக்கும் என்று ஏங்கிக்கொண்டு இருந்தார்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். வேறு யாரோ வர முடியாமல் போய் இவரைக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நானும் போயிருந்தேன். மைக்கைப் பிடித்து, “இங்க உத்திரட்டாதி நட்சத்திரத்துல பொறந்தவங்க கை தூக்குங்க” என்றார். பெண்கள் பகுதியில் கைகள் எழுந்தன. “உங்க நட்சத்திரத்துல பாதரசம் இருக்குது! சூரியனவிட பல்லாயிரம் மடங்கு ஜாஸ்தி! ஒளி அதத் தூக்கிக்கினு மேல வருது!” என்றார். கூட்டம் கைதட்டிய தட்டில் பந்தல் அதிர்ந்தது. அதற்குப் பிறகு, “ஆனா அது மேல்பரப்புல மட்டுந்தான், மொத்தத்துல ஜாஸ்தி கெடையாது” என்றும் சொன்னார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தை அழுதது, அவ்வளவுதான்.

அடுத்த ஊரில் பேசியபோது அந்த இரண்டாம் பாதியை அவசரமாகச் சொல்லி முடித்தார். அதற்கடுத்த ஊரில் சொல்லவேயில்லை. நான் கவனித்துக் கேட்டேன். “டைம் இல்ல மேடம்” என்றார். கைதட்டலுக்கு மட்டும் அவருக்கு நேரம் இருந்தது.

இந்த நேரத்தில்தான் தீனதயாளன் வந்து சேர்ந்தான். மலை ஏறுகிற சாலையின் அடிவாரத்தில், வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்புகள் ஆள் ஏற்றுகிற இடத்தில், அவனுக்கு ஒரு கடை. பாதரசத்தை மூலிகைச் சாற்றில் கட்டி உருட்டியது என்று சொல்லி ரசமணி விற்றான். கழுத்தில் கட்டிக்கொள்ளலாம், இரவில் பாலில் போட்டு வைத்துக் காலையில் மணியை எடுத்துவிட்டுப் பாலைக் குடிக்கலாம். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வித்தை என்பான். அதற்கு முன் அவன் பேருந்து நிலையத்தில் செல்போன் உறை விற்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு பொன்னாடையோடு எங்கள் அறைக்கு வந்தான்.

“சார், உங்க பேச்ச செல்லுல பாத்தேன் சார். ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. நாங்க பரம்பரையா சொல்லிக்கினு இருந்தத நீங்க சயின்ஸ்ல சொல்லிட்டீங்க.”

பீரோவுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் இருமினேன். பகலவன் காதில் விழவில்லை. பொன்னாடைக்குத் தோளைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“உங்க போட்டோ ஒன்னு போட்டுக்கலாமா சார்? நீங்க சொன்னதத்தான் போடுவோம். ஒரு எய்த்து மாத்த மாட்டோம்.”

“நான் சொன்னதுதானே, போட்டுக்கங்க.”

“அப்பறம் சார், ரேவதிக்கு இன்னா சார் இருக்குது?”

“அதெல்லாம் நான் பாக்கலீங்க.”

“பரவால்ல சார், மெதுவா பாத்துச் சொல்லுங்க. ரேவதிக்காரங்க ரொம்பக் கேக்குறாங்க.”

அவன் போனதும், “இது நல்லாயில்ல சார்” என்றேன். “அவன் போடறது நான் சொன்ன வாக்கியம் மேடம். வாக்கியம் சரிதானே?” என்றார். சரியான வாக்கியம்தான். பாதி சரியான வாக்கியம். படித்தவன் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, பாதியில் நிறுத்திக்கொண்டால் போதும். அப்படித்தான் அந்தப் பதாகை எழுந்தது. வழியில் போகும்போதெல்லாம் பேருந்தின் சன்னல் பக்கம் மாறி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெண்ணின் பெயர் கோகிலவாணி. புருசன் கவியரசன் கரும்பு வெட்டப் போகிறவன். கல்யாணமாகி இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் கழுத்தில் தாலிக்கயிற்றோடு கறுப்புக் கயிறு ஒன்றும், அதில் ஒரு சாம்பல் நிற மணியும் தொங்குவதைப் பார்த்தேன்.

“இன்னா மேடம் அப்டிப் பாக்கறீங்க? ரசமணி மேடம். நானு உத்திரட்டாதி.”

“இத யாரு குடுத்தா?”

“எங்க வூட்டுக்காரரு வாங்கியாந்தாரு. ரெண்டு தபா தங்காம பூடுச்சில்ல மேடம், இந்தத் தபா நிக்கணும்னு. தைப் பொங்கல்லருந்து பால்ல போட்டுக் குடிச்சிக்கினு வரேன்.”

“கோகிலா, அதக் குடிக்காத. பாதரசம் விஷம். வயித்துப் புள்ளைக்கு ஆவாது. மூளையப் பாதிக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. ஆஸ்பத்திரியில இதச் சொன்னியா?”

“அங்கலாம் சொன்னா திட்டுவாங்க மேடம்.” பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல் சொன்னாள். “நட்சத்திரத்துலயே இருக்குதாம் மேடம். நட்சத்திரம் இன்னா செத்தா பூடுச்சு?”

“யாரு சொன்னது?”

“நம்ம பகலவன் சாரு! போர்டுல கூடப் போட்டுக்கிறாங்களே. நீங்க தமிழ் நடத்துறவங்க மேடம், உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவரு விஞ்ஞானிங்க.”

அதற்கு மேல் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. அவள் வீட்டுக்குப் போய்க் கவியரசனிடம் சொன்னேன். அவன் என்னை உட்காரவைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தான். அவளைப் பார்க்கிற செவிலியரிடமும் சொன்னேன். அவர் நேரில் கேட்டதற்கு, “அப்டிலாம் ஒன்னும் குடிக்கலீங்க” என்று கோகிலவாணி கூசாமல் சொல்லிவிட்டாள். அந்த மணியை அவள் கழுத்திலிருந்து இறக்க ஒரே ஒரு வாயால்தான் முடியும். அந்த வாயோ பொன்னாடைக்கு நன்றி சொல்வதில் முனைப்பாக இருந்தது.

பகலவனிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. பாதரசம் என்ன செய்யும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெளுத்த முகத்தோடு அவர் முதலில் சொன்னது இதுதான்.

“நான் எங்க மேடம் வாங்கச் சொன்னேன்? சயின்ஸ் சொன்னேன். அத அவங்க வேற மாரி எடுத்துக்கினா நான் இன்னா பண்றது?”

“பாதி சயின்ஸ் சொன்னீங்க. மிச்சத்தப் போய்ச் சொல்லுங்க.”

போனார். நானும் பின்னால் போய்க் கேன்டீன் கதவருகே நின்றேன். கோகிலவாணி முன்னால், வகுப்பில் நிற்பதைப்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இத பாரும்மா, அந்தப் பாதரசம் நட்சத்திரத்தோட மேல்தோல்ல மட்டுந்தான் இருக்குது. உள்ள கெடையாது. அதனால நீ உள்ளுக்கு எடுத்துக்க வேணாம்” என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மாணவர்கள் சிலர் தேநீருக்கு வந்தார்கள். பிள்ளைகள் முன்னால் தன் பெருமை குறைந்துவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ, “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார். “புரிஞ்சுது சார்” என்றாள். பெரிய காரியம் ஆற்றியவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிவந்தார். பூசி மெழுகுவதில் கொத்தனார் தோற்றார்.

இரண்டு நாள் கழித்துக் கோகிலவாணியைப் பார்த்தால் கழுத்தில் மணி இருக்கிறது. புடவை வயிற்றுப் பக்கம் ஈரமாக ஒட்டியிருந்தது. பால் வீச்சம் அடித்தது.

“சாரு சொன்னாரே மேடம், மேல்தோல்லதான்னு. உள்ளுக்கு வேணாமாம். அதான் அந்தப் பாலத் தொட்டு வயித்துல தடவிக்கிறேன்.”

“மிச்சப் பால?”

“பால யாராச்சும் கீய ஊத்துவாங்களா மேடம்? குடிச்சிட்டேன்.”

நான் நேராக அவருடைய வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க வெளியே கூப்பிட்டேன். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தமிழ் நடத்துகிறவள் பேசுகிற தமிழ் அல்ல அது. ஒரு பெண் விஷத்தைக் குடிக்கிறாள், வயிற்றிலும் தடவுகிறாள், அதற்கும் உம்மைத்தான் சாட்சி சொல்கிறாள், நீர் எல்லாம் ஒரு மனுசனா என்பது அதில் கொஞ்சம் நாகரிகமான பகுதி. அவர் சுண்ணாம்புத் தூள் படிந்த கையோடு கேன்டீனுக்கு நடந்தார்.

இந்தத் தடவை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இது விஷம், குழந்தைக்கு ஆகாது, கழற்றிப் போட்டுவிடு, நான் சொன்னதற்கும் இந்த மணிக்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். கோகிலவாணி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“மேடம் சொல்லச் சொன்னாங்களா சார்?”

“இல்லம்மா, நானாத்தான்...”

“மைக்ல ஒன்னு சொல்றீங்க. சமையக்கட்டுக்குப் பின்னாடி வந்து வேற ஒன்னு சொல்றீங்க. நான் எத சார் நம்பறது? ரெண்டு கொயந்தையப் பறிகுடுத்தவ சார் நானு. நெசமா இருந்தா மைக்லயே சொல்லுங்க. அங்கயே கழட்டிடறேன்.”

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஊரில் அன்றைக்கு நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

மைக்கும் தயாராகத்தான் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீனதயாளன் விழா வைத்திருந்தான். பகலவனுக்கு ‘விண்மீன் வேந்தர்’ என்ற பட்டம் கொடுப்பதாக ஏற்பாடு. ராஜாம்பாள் அதற்கென்று பட்டுப்புடவை எடுத்திருந்தார். மணலூர்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. ‘இன்னாத்துக்குடா’ என்று ஊர் இத்தனை காலமாகக் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைக்கப் போகிறது என்று பகலவன் நினைத்துக்கொண்டிருந்தார் போல.

சனிக்கிழமை பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்து மெதுவாகக் கேட்டார்.

“ஒடம்பு சரியில்லன்னு போவாம இருந்துட்டா மேடம்?”

“போவாம இருந்தா அவ குடிச்சிக்கினே இருப்பா.”

“வேற எங்கயாச்சும், வேற மைக்ல...”

“வேற மைக்குக்கு சார் உங்கள யாரு கூப்புடறா?”

கொடூரமாகத்தான் கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை கோகிலவாணியையும் கவியரசனையும் நானே அழைத்துக்கொண்டு போய் முன் வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்காரவைத்தேன். மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலில் மணி விற்பனை அமோகம். பகலவன் அதே இரவல் கோட்டில் வந்தார். சந்தன மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். தீனதயாளன் தன் பேச்சில் அவரை அண்ட சராசரத்துக்கும் அதிபதியாக்கி உட்காரவைத்தான். பிறகு மைக் பகலவன் கைக்கு வந்தது.

பழைய பழக்கத்தில், “உத்திரட்டாதிக்காரங்க கை தூக்குங்க” என்றார். மண்டபம் முழுக்கக் கைகள். கோகிலவாணியும் தூக்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் அவர் பல்டி அடிக்கப் போகிறார் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன்.

“கைய எறக்கிடுங்க” என்றார். “உங்களுக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது. அதுக்கு உங்க யாரையும் தெரியாது. என்னையும் தெரியாது. அதுல பாதரசம் இருக்குது, மேலாப்புல பாலாடமாரி இருக்குது, உள்ள ஒன்னும் ஜாஸ்தி இல்ல. அது அங்க இருக்குதுன்னு நான் கண்டேன். அதத் தவிர எனக்கு ஒன்னும் தெரியாது. இந்த மணி விஷம். யாரும் பால்ல போட்டுக் குடிக்காதீங்க. மாசமா இருக்கறவங்க தொடவே தொடாதீங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்ப உன் படிப்பால எங்களுக்கு இன்னாய்யா பிரயோஜனம்?”

அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பகலவன் அந்தப் பக்கம் பார்த்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

“ஒன்னும் இல்லீங்க” என்றார். “என் படிப்பால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல.”

அதற்குள் தீனதயாளனின் ஆள் மைக்கைப் பிடுங்கினான். யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். “இதுக்காடா வேன் வெச்சிக்கினு வந்தோம்?” என்று மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். ராஜாம்பாள் பட்டுப்புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். மாலையைக் கழற்ற வந்தவன் கோட்டையும் சேர்த்து இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்து ஓடியது. கோகிலவாணி கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, மணியை நாற்காலிக்கு அடியில் போட்டாள். கவியரசன் குனிந்து எடுக்கப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டாள்.

இதற்காக நான் அவரைத் தூக்கிவைத்து ஆடப் போவதில்லை. தான் மூட்டிய தீயைத் தானே அணைத்ததற்கு விருது கொடுக்கிற வழக்கம் எங்கும் இல்லை. தீனதயாளன் அடுத்த வாரமே வேறு ஒரு கோட்டுக்காரரின் படத்தோடு ரேவதிக்கு மணி விற்க ஆரம்பித்துவிட்டான். மக்களும் வாங்கினார்கள். ஆதாரம் கேட்டு வாங்குகிற ஊர் இல்லை இது, படம் பார்த்து வாங்குகிற ஊர். கல்லூரியில் பகலவனை ‘டாக்டர் சார்’ என்று கூப்பிட்டவர்கள் ‘சார்’ என்று குறைத்துக்கொண்டார்கள். கேன்டீன் மாஸ்டர், ‘அந்தாளுக்கு ஒன்னுந் தெரியாதுன்னு அந்தாளே சொல்லிட்டாரு’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். வேறு எந்த ஊரும் பேசக் கூப்பிடவில்லை. இந்த ஊர் அவரைத் தலையில் வைத்தது பாதி சொன்னதற்கு, கீழே போட்டது முழுதும் சொன்னதற்கு. இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தது.

ஆவணியில் கோகிலவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருக்கிறது, காது கேட்கிறது, ஒன்றும் குறை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் நானே கூட இருந்து மருத்துவரிடம் சொல்லவைத்தேன். கேட்டுக்கொண்டு, “பாக்கலாம், வளர வளரத்தான் தெரியும்” என்றார். கோகிலவாணி காதில் ‘ஒன்றும் குறை இல்லை’ என்பது மட்டும் விழுந்தது. அதற்காக அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினாள். கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தில் தூளி கட்டியிருந்தாள். பகலவன் தினமும் தேநீர் இடைவேளையில் அங்கே போகிறார் என்று மாணவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் நானும் போனேன்.

தூளியை விலக்கிக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினார். மெதுவாக இந்தப் பக்கம் கொண்டுபோனார். குழந்தையின் கண் விரல் கூடவே போனது. அந்தப் பக்கம் கொண்டுபோனார். கண் போனது. பிறகு காதுக்குப் பக்கத்தில் இலேசாக விரலைச் சொடுக்கினார். குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி விரலை நீட்டினார். நூறு ஒளியாண்டு தூரத்தில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த மனிதர், ஒரு டம்ளர் பாலில் எவ்வளவு இறங்கியது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

கோகிலவாணி கழுவின தட்டுகளை அடுக்கியபடி அவரைப் பார்த்து, சந்தோஷமாக என்னிடம் சொன்னாள்.

“டெய்லி வந்துடறாரு மேடம். சாருக்குக் கொயந்தைங்கன்னா உசுரு.”

“ஆமாம்” என்றேன்.